மாதா போகாத வீடு

பிள்ளைகளே, ஜெபமாலையை ரயில் வண்டி மாதிரி ஓட்டாதீர்கள் என்று நான் கத்தும்போதெல்லாம் சிரிக்கிறீர்கள். அந்தக் கோபம் எங்கே தொடங்கியது என்று எழுதிவைக்கிறேன். அதிகம் படித்தவனில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். ஜெபமாலை மாதமான அக்டோபர் முழுக்க மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும். அங்கே எல்லோரும் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வோம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு மட்டும் மாதா போனதே இல்லை. அங்கே இருந்த பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்; அவளுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. புருஷன் விட்டுவிட்டு ஓடியபின் வேறொருவரோடு குடித்தனம் நடத்தினாள். அதுதான் அவள் குற்றம்.

அந்த வருஷம் சுரூபம் எங்கள் வீட்டில் இருந்த அன்று, குழாயடியில் அவள் உங்கள் அம்மாவிடம் கேட்டாள்: "அக்கா, இன்னிக்கு மாதா எங்க ஊட்டுக்கு வருவாங்களா? செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சி வெச்சிக்கீறேன்."

மாலையில் சுரூபத்தை எடுக்க எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியபோது ஜெபமாலைக் குழுத் தலைவரிடம் இதைச் சொன்னேன்.

"தாலி கட்டாத குடித்தனத்துக்கு மாதாவத் தூக்கிகினு போவியா? இன்னா நைனா, புத்தி கீதா? அது பாவிங்க ஊடு. அத்தத் தாண்டி நேரா மாடி ஊட்டுக்குப் போ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெபமாலையின் மணிக்கு மணி, சின்ன வயதிலிருந்து யோசிக்காமலே சொல்லிவந்த வரி அப்போதுதான் உறைத்தது: "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக." ஒரு ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று தடவை நம்மை நாமே பாவி என்கிறோம். எழுந்து முழங்கால் தூசியைத் தட்டியதும் பக்கத்து வீட்டைக் காட்டிப் பாவி வீடு என்பதா? அப்படியானால் அதுவரை சொன்னது என்ன, வாய்ப்பாடா? அவர்மேல் மட்டுமல்ல, வருஷா வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேலும்தான் கோபம்.

சுரூபத்தைத் தூக்கினேன். நாலே எட்டில் அவள் வீட்டுக்குள் போய்விட்டேன்.

"யோவ், எங்கய்யா போற?" என்று தலைவர் கத்தினார். உங்கள் அம்மா மெழுகுவர்த்தியோடு என் பின்னால் வந்தாள். இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். மற்றவர்கள் அவரோடு தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

அவள் ஸ்டூலில் புதுப்புடவை விரித்து வைத்திருந்தாள். "நீயே ஆரம்பிம்மா" என்றேன். அழுகையோடு "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். முதல் பாதியை ஒருவர் சொன்னால், மறுபாதியைச் சொல்லாமல் நம்மவர் வாய் சும்மா இருக்காதே! தெருவிலிருந்து கட்டைக்குரலில் பதில் வந்தது, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற வரியோடு. தலைவர்தான்.

"அண்ணே, அத்த உள்ள வந்து சொல்றதுதான!" என்றாள் உங்கள் அம்மா.

ஜெபமாலையின் கடைசி மணிவரை வெளியே நின்றே பதில் சொன்னார். படி ஏறவில்லை.

மறுநாள் மாடி வீட்டுக்குச் சுரூபத்தைத் தூக்கிப்போனது அந்தத் தங்கச்சிதான். தலைவர் தெருவின் மறுபக்கமாக நடந்தார், கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு.