மூன்றாவது இடத்தில் என் பெயர்

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் நடந்தது இது. வேர்க்கடலைப் பூச்சி ஆராய்ச்சிக்காகப் போட்டிருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் நான் தற்காலிக உதவியாளன். முதல் மழை விழுந்தால் போதும், கம்பளிப்புழு கிளம்பிவிடும். ஒரு வயலை மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் படையெடுக்கும். வரப்போரம் காட்டாமணக்குக் கொத்துகளைப் போட்டு வைத்தால் புழு அதில் வந்து மொய்க்கும், அள்ளி அழித்துவிடலாம் என்று விவசாயிகள் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்பதுதான் என் வேலை. வல்லம் பக்கத்து வயல்களில் குனிந்து குனிந்து புழு எண்ணினேன். உடம்பெல்லாம் அரிப்பு. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அம்மா கூலிக்குக் களை எடுத்த வயல்கள்தான் அவை.

அதைப் பற்றி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பும் கட்டுரையை எழுதியதும் நான்தான். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையைச் செய்தவர் பெயர் முதலில், கூட உதவியவர் நடுவில், மேற்பார்வை பார்த்த பெரியவர் கடைசியில். பின்னாளில் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுகிறவர்கள் முதல் பெயரை மட்டும் சொல்லி, 'மற்றும் பிறர்' என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பிறர் யார் என்று எவரும் தேடப்போவதில்லை. நானோ வடக்கே ஒரு நிறுவனத்தில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் பெயராக ஒரு கட்டுரையாவது இருந்தால்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருந்தது இது ஒன்றுதான்.

கடைத்தெருவில் ஒரு பாய் டைப் அடித்துக் கொடுப்பார். மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை வாசகம் எல்லாம் அவரிடம்தான். கட்டுரையையும் அவரிடமே கொடுத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அதன் கார்பன் நகலை வாங்கப் போனேன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் பகீரென்றது. மேற்பார்வை பார்த்த எங்கள் ஆபீசர் பெயர் முதலில், பட்டங்களோடு. அடுத்து, தொண்டூர் வயல்களைப் பார்த்துக்கொண்ட என் நண்பர். மூன்றாவதாக நான்.

"இன்னா தம்பி, பெரியவரு பேரைக் கொண்டுபோயி கடைசில போட்டிருந்தீங்க? கல்யாணப் பத்திரிகைல தாத்தா பேரு கடைசிலயா வரும்? வயசுப்படி நான்தான் சரி பண்ணேன்" என்றார் பாய், பெருமையாக.

"சார் பார்த்தாரா?"

"பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. தபாலுக்கும் போயிட்டுது."

பாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார். ஆனால் ஆபீசருக்கு வழக்கம் தெரியாதா என்ன?

தபாலாபீசுக்கு ஓடினேன். பதிவுத் தபால், அனுப்பியவரே வந்து எழுதிக் கொடுத்தால்தான் திருப்பித் தர முடியும் என்றார் குமாஸ்தா. "திண்டிவனம் பஸ்ஸுல பை ஏறிட்டா அதுவும் முடியாதுப்பா."

அனுப்பியவர் ஆபீசர். யாருக்கு லாபமோ அவரிடமே போய், 'உங்கள் பெயரை இறக்குங்கள்' என்று கேட்க வேண்டும். அவர் ஒரு வரி எழுதினால் என் வேலை போய்விடும். குருவி தலையில் பனங்காய் என்பார்களே, அதுதான். ஆபீசுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

நகலை மேஜை மேல் வைத்தேன். "சார், பேரு மாறியிருக்குது."

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "தெரியும். பார்த்தேன்."

நகலை அவர் பக்கம் தள்ளினேன்.

"இப்படியே போனா என்னய்யா? இத்தனை வருஷ சர்வீஸ்ல என் பேரு எதுலயும் முன்னாடி வந்ததில்ல. நானா மாத்தச் சொன்னேன்? தானா வந்துச்சு" என்றார். குரலில் அதட்டல் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

தெருவில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. திண்டிவனம் பஸ்ஸாக இருக்குமோ? அழுகையும் ஆத்திரமுமாகச் சொல்லிவிட்டேன்.

"புழுவ எண்ணினது நான் சார். கணக்கு தப்புன்னு நாளைக்கு எவனாவது எழுதினா, முதல் பேரைத்தான் கேப்பான். நீங்க பதில் சொல்லுவீங்களா? இதுவும் போயிட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "சைக்கிள் இருக்குதா?"

கனத்த மனிதர். பின்னால் உட்கார்த்தி மிதித்தேன், மூச்சு வாங்கியது. நாங்கள் போனபோது பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அரக்கு உருகிக்கொண்டிருந்தது. ஒரு தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா சார், உள்ள எதுனா தப்பா இருக்குதா?" என்று குமாஸ்தா சலித்துக்கொண்டே பையை அவிழ்த்தார்.

"இருக்குது" என்றார் ஆபீசர். அங்கேயே உறையைப் பிரித்து, பெயர்களின் வரிசையைத் தன் பேனாவால் மாற்றினார். மறுநாள் தபாலில் அது போனது. கட்டுரை வெளிவந்து, வடக்கே எனக்கு இடமும் கிடைத்தது.

பின்னாளில் நானும் மேற்பார்வை பார்க்கும் பெரியவனானேன். என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் மரியாதைக்காக என் பெயரை முதலில் போட்டுக் கொண்டுவருவார்கள். கடைசிக்கு மாற்றிவிடுவேன், ஆனால் பேனாவைத் திறப்பதற்குள் ஒரு நொடி ஆசை வரத்தான் செய்கிறது. அந்த முதல் இடம் எனக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை, என்னுடையதுதான். ஆனாலும் கைக்கு வந்துவிட்டதைத் தானே எழுந்து போய்த் திருப்பிக் கொடுக்க அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடியில்தான் எனக்குப் புரிகிறது.