லாண்டரிக்காரனிடம் கேட்ட மன்னிப்பு

வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் துணி வெளுத்தேன். அங்கே எனக்குப் பெயர் கிடையாது. நடைவழியில் நின்று யாராவது "லாண்டரி!" என்று கூவுவார்கள், நான் திரும்பிப் பார்ப்பேன். மனிதனை இடத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே என்று பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் செல்போனில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினேன். லத்தீனில் கழுவுவதற்கு உள்ள சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். அதன் பழைய வடிவம் துணி துவைக்கும் ஆளைத்தான் குறித்ததாம். பிறகு வேலைக்கு, இடத்துக்கு, கடைசியில் அழுக்கு மூட்டைக்கே அது பெயராகிவிட்டது. ஆள் மட்டும் சொல்லிலிருந்து கழன்றுகொண்டான்.

அது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஊர் திரும்பி, கொட்டாரம் கடைத்தெருவில் கடை போட்டபோது போர்டில் பெரிதாக 'லாண்டரி' என்றே எழுதச் சொன்னேன். இரண்டு மெஷின், கண்ணாடிக் கதவு, துணி தேய்க்க ஓர் அக்கா. அக்காவின் அம்மா, ஊரார் வீடுகளுக்குத் துணி வெளுத்தவர். ஒரு வீட்டிலும் புறவாசலைத் தாண்டியதில்லை. அக்கா இங்கே ஃபேனுக்கு அடியில், ரோட்டைப் பார்த்து நின்று தேய்க்கிறார். இந்தச் சொல்லுக்குள் சாதி நுழையாது என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காரை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே சொன்னார்.

"லேய், நாளைக்குப் பேத்திக்குச் சடங்கு. மாத்து வேணும். வெள்ளன கொண்டாந்து பொறவாசல்ல வச்சிட்டுப் போயிரு, கேட்டியா?"

மாத்து என்பது, வயதுக்கு வந்த பெண் தீட்டு கழிந்து குளித்ததும் உடுத்தும் வெளுத்த துணி. வெளுக்கும் சாதியார்தான் அதைக் கொண்டுவந்து தர வேண்டும் என்பது பழைய வழக்கம். அவர் வீட்டில் என்னுடையதைவிட நல்ல மெஷின் இருக்கிறது. அதில் துவைத்தால் அழுக்குப் போகும், தீட்டுப் போகாதாம்! ஒரு சின்னப் பிள்ளை குளித்துவிட்டுத் துணி மாற்றுவதற்கு இன்னொரு மனிதன் புறவாசலில் வந்து கூனி நிற்க வேண்டுமாம். என்ன படித்தார்கள், என்ன உத்தியோகம் பார்த்தார்கள்?

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறிவிட்டது. ஆனால் வாயில் வந்தது இதுதான்:

"நான் அந்தச் சாதி இல்ல சார்."

மனுஷருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "ஐயையோ, மன்னிச்சிருங்கோ. போர்டப் பாத்து நெனச்சிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். 'லேய்' போய் ஒரு நொடியில் மரியாதை வந்துவிட்டது.

"பரவால்ல சார்" என்றேன்.

பிறகு அவர் பார்வை தேய்க்கும் மேசைக்குப் போயிற்று. "அப்போ இவளா? இவ கொண்டுவந்தாலும் போதும்."

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வரமாட்டேன்."

"என்னட்டி சொல்லுக?"

"வரமாட்டேன். அதெல்லாம் எங்க அம்மையோட போச்சு. வீட்டு மெஷின்ல தொவச்சு உடுத்தச் சொல்லுங்கோ."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்க் காரில் ஏறினார். கார் திரும்பும் வரை காத்திருந்துவிட்டு நான் ஆரம்பித்தேன். அவர் படிப்பு, பதவி, கார், வீட்டு மெஷின் என்று ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தேன். "நல்லா குடுத்தீங்க அக்கா, இவனுக்கெல்லாம் இப்படித்தான் சொல்லணும்" என்றேன். அக்கா கையிலிருந்த சட்டையைத் தேய்த்து, மடித்து, அடுக்கில் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்கள எங்க சாதின்னு நெனச்சிட்டேன்னு அவரு மன்னிப்பு கேட்டாரு" என்றார். "நீங்களும் மன்னிச்சு விட்டிய."