வயர் கட்ட ஓர் இடம்

என் அப்பா தாவீது மின்வாரியத்தில் லைன்மேன். அரசு உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரரும்கூட; வீட்டிலிருந்தே வானொலி அலையில் வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர். சின்ன காஞ்சிபுரத்தில், பஜனை மடத்துக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் இருந்த டிரான்ஸ்மிட்டரை அவரே செய்தார். மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய ராணுவம் கழித்த கண்ணாடி வால்வுகள், கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மர், எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய அடித்தட்டு. ஸ்விட்ச் போட்டதும் பேசிவிட முடியாது, வால்வு சூடேற வேண்டும். சுட்ட தூசியும் வார்னிஷும் கலந்து ஒரு வாசனை வரும். அப்பா பேசப் பேச வால்வுக்குள் நீல ஒளி துடிக்கும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து, தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். குரல் கண்ணுக்குத் தெரிகிற கருவி எதையும் அங்கே பார்த்ததில்லை.

ஹாம்காரர்கள் வயது பார்க்காமல் ஒருவரையொருவர் ‘ஓல்ட் மேன்’ என்றுதான் அழைப்பார்கள். என்ன ஊர், என்ன ஆன்டெனா என்று கேட்பார்கள். எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள். விசாகப்பட்டினத்து சத்தியநாராயணா தினமும் காலையில் அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா குளித்து, சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்காருவார்.

ஆன்டெனா வயருக்கு அறுபத்தாறு அடி வேண்டும். எங்கள் மனை அதில் பாதி. மறுமுனையை மடத்தின் பின்புற வேப்பமரத்தில் கட்டியிருந்தார்.

ஒரு மார்கழிக் காலையில் மடத்து ஒலிபெருக்கியில், பாசுரத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது. மடத்து மைக்கின் வயர் அப்பாவின் ரேடியோ அலையைப் பிடித்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்தால் தீர்ந்துவிடும்.

மடத்து நிர்வாகி வரதராஜன் நாலு பேரோடு வந்தார். எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

“இன்னா தாவீது, நீ வெளியவே நிக்கிற. உன் குரலு மட்டும் உள்ள வந்து உக்காந்துக்கினு இருக்குதே?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஆம்ப்ளிஃபயரக் குடுங்க ஐயா, இப்பவே சரி பண்ணிக் குடுத்துடறேன்.”

“நீ தொட்டா அப்பறம் தீட்டு கழிக்கணும்பா. எதுக்கு வம்பு? வயரை அவுத்துடு.”

அப்பா மரமேறி அவிழ்த்தார். கம்பம் ஏறுவது அவர் தொழில், சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு இரண்டு முறை போய், மறுபடி வயர் கட்ட விடச் சொல்லிக் கேட்டார். முடியாது என்றார்கள். சின்ன ஆன்டெனா போட்டுக்கொள்ளலாமே என்றேன். “எது போட்டாலும் மடம் பக்கத்துலதானேம்மா இருக்குது” என்றார்.

அதன்பின் அவர் அதில் பேசவே இல்லை. உரிமத்தை மட்டும் கடைசிவரை புதுப்பித்தார். காலையில், பிறர் பேசுவதைக் கேட்கிற ரிசீவர் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். கேட்பதற்கு சன்னலில் கட்டிய துண்டு வயர் போதும். சத்தியநாராயணா வெகுகாலம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “இங்கதான் இருக்கறேன் ஓல்ட் மேன்” என்று அப்பா ரிசீவரிடம் சொல்வார். போன் பண்ணுங்களேன் என்றால், “போன்ல இன்னாமா பேசறது?” என்பார். பிறகு அந்தக் குரலும் நின்றது.

போன பங்குனியில் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்த சில வாரங்களில் வரதராஜனின் பேரன் கலைவாணன் வந்தார். இவர் படி ஏறினார், காபியும் குடித்தார்.

“அக்கா, மடத்துக்கு நூறாவது வருஷம். கண்காட்சி வெக்கிறோம். உங்க அப்பா செட்டு செம விண்டேஜ். கண்ணாடிப் பெட்டில வெச்சிடலாம்.”

“உள்ளயா?”

“உள்ளதான்க்கா. அதெல்லாம் அந்தக் காலம்.”

“நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருக்கறேன், தம்பி. செட்டும் ஓடுது. வேப்பமரத்துல வயர் கட்ட விடுங்க. விழா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் இதுல பேசறேன்.”

“ஒர்க் ஆகணும்னே இல்லக்கா. உள்ள ஒரு எல்இடி வெச்சா எரியற மாதிரியே தெரியும்.”

“வயர் கட்டினா செட்டு வரும். இல்லன்னா வராது.”

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “கமிட்டில கேட்டுட்டு சொல்றேன்க்கா.”

பதில் வரவில்லை. விழாவுக்குப் போனேன். முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள், எங்கோ பழைய பொருள் கடையில் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று. பின்னால் எல்இடி எரிந்தது. கீழே அட்டையில், ‘நம் பகுதியின் பெருமை தாவீது அவர்கள் பயன்படுத்திய வானொலி.’

அது பாட்டு கேட்கிற பெட்டி. அதில் பேச முடியாது.