ஒரு டிக் அடித்தால் வரும் தமிழ்

"ஒரு டிக் அடிச்சா வந்துரும்மா. இதுக்கு எவ்ளோ நேரம் ஆவப்போவுது?" என்றார் மேனேஜர். அந்த 'ஒரு டிக்' என்ற பேச்சை இன்றைக்கு யார் எடுத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒரு வெள்ளிக்கிழமை காலை பேஸ்டிங் செக்‌ஷனுக்குப் புது மருந்து வந்து இறங்கியது. ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுவதற்கு முன்னால் துடைக்கிற மருந்து. பழையது மஞ்சளாக இருக்கும். இது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம்: பெரிய கேனைத் தூக்கி ஊற்ற முடியாது என்று, காலித் தண்ணீர் பாட்டிலில் மருந்தைப் பிடித்து மேஜை மேல் வைத்துக்கொள்வார்கள். அவரவர் குடிக்கிற தண்ணீரும் அதே மேஜையில், அதே மாதிரி பாட்டிலில் இருக்கும். இத்தனை நாள் அந்த மஞ்சள் நிறம்தான் அவர்களைக் காப்பாற்றியது. கேன் மேல் எழுதியிருந்ததோ எங்களில் ஒருவருக்கும் தெரியாத பாஷை.

ஓர் அட்டையில் மார்க்கரால், 'இது தண்ணீர் இல்லை, விஷம். பாட்டிலில் ஊற்றாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தூணில் ஒட்டினேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே வாயாலும் கத்திச் சொல்லிவிட்டு ஆபீஸுக்கு வந்தேன். பின்னாலேயே மேனேஜர் அந்த அட்டையைக் கையில் கசக்கிக்கொண்டு வந்தார்.

"சரக்கு வாங்கற பையர் வர்ற நேரத்துல இன்னாம்மா இது, பொட்டிக்கடை போர்டு மாதிரி? நீட்டா தமிழ்ல பிரிண்ட் எடு. லேமினேட் பண்ணி ஒட்டலாம்."

"பிரிண்ட் வர்ற வரைக்கும் அது இருக்கட்டும் சார்."

"வேணாம். அசிங்கமா இருக்குது."

குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆபீஸில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் தமிழைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் 'கூடுதல் வசதிகள்' என்ற பட்டியலுக்குப் போய், டிக் அடித்து, சிடியைப் போட்டு ஏற்ற வேண்டும். டிக் அடித்தேன். பச்சைக் கோடு கொஞ்சம் ஓடியது, நின்றது. நான் இன்னொரு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

வேலூரில் இருந்த சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டேன்.

"அக்கா, அது சும்மா காப்பி பண்ற வேல இல்ல" என்றான். "சிடில எல்லாத்தையும் சுருக்கி வெச்சிருப்பான். ஒவ்வொண்ணா பிரிக்கணும். பிரிக்கப் பிரிக்க வைரஸ் இருக்குதான்னு செக் பண்ணும். நடுவுல ஏதாச்சும் ஆயிட்டா திருப்பிப் போடறதுக்குப் பழைய ஃபைலயும் எடுத்து வெக்கும். உங்க மிஷின்ல மெமரி கம்மி, சிடி வேற கீறல். டைம் ஜாஸ்திதான் ஆவும்."

"மொதல்லயே உள்ள போட்டுக் குடுத்தா இன்னா?"

"எல்லாருக்கும் தேவப்படாதுல்லக்கா. எடம் அடைக்கும்."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? இந்தக் கம்பெனியில் தமிழ் தேவைப்படாத ஆள் யார்? சீட்டு விளையாட்டு கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் பேசுகிற பாஷைக்கு இடம் இல்லையாம், வெளியே நிற்க வேண்டுமாம், டிக் அடித்துக் கெஞ்ச வேண்டுமாம். அந்த டப்பாவைத் தூக்கிப் பாலாற்றில் போடலாமா என்றிருந்தது.

மதியம் நெருங்கும்போதுதான் கோடு கடைசிக்கு வந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில்தான் கம்பெனி ஓடியது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகச் சாப்பாட்டு நேரம் நீளும். எலக்ட்ரீஷியன் மொத்தத்தையும் நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார், எப்போதும் அப்படித்தான். நான் ஓடினேன்.

"பாய், இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? இப்பதான் நிறுத்துனேன், எல்லாரும் கெளம்பிட்டாங்க. வந்து ஒடனே போடறேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆபீஸுக்கு வந்தால் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே திரை அணைந்தது. அடக்க முடியாமல் மேஜையை ஓங்கிக் குத்தினேன்.

அப்போதுதான் பேஸ்டிங் பக்கம் சத்தம் கேட்டது. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண் ஒருத்தி. ஸ்டிச்சிங்கில் இருந்தவளை, ஆள் கம்மி என்று நான் சொல்லிவிட்டு வந்த பிறகு பேஸ்டிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தவள், விளக்கில்லாத அரை இருட்டில், பழைய பழக்கத்தில் யாரோ மருந்து பிடித்து, கைக்கு எட்டும்படி வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டாள். நாளெல்லாம் சொலூஷன் நெடியில் இருக்கிற மூக்குக்கு எந்த வாடை தெரியும்? தரையில் கிடந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். ஜீப்பில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"பிரிண்ட் ரெடியாம்மா?" என்றார்.

எனக்கு வாயில் வந்ததை அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். கரண்ட் வந்ததும் அந்த மிஷின், பாதியில் விட்டதைத் தொடரவில்லை. செய்ததையெல்லாம் முதலில் ஆற அமரக் கலைத்தது, பிறகு ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. மறுநாள் தமிழ் வந்தது. அழகான, உருண்டையான எழுத்து. லேமினேட் செய்து, என் அட்டை இருந்த அதே தூணில் ஒட்டினார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். சில மாதம் கழித்து வேலைக்கும் வந்தாள். பேக்கிங்கில் போட்டார்கள்.

பையர் கம்பெனி ஆட்கள் வந்த அன்று அந்த அறிவிப்பை ஃபோட்டோ எடுத்தார்கள். மேனேஜர் முகமெல்லாம் பல்லாக நின்றார். தொழிலாளிகளுக்கு இது புரிகிறதா என்று தெரிய வேண்டும், யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும் என்றாள் வந்திருந்த வெள்ளைக்காரி. பக்கத்தில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியை அவளே கைகாட்டிக் கூப்பிட்டாள். அன்றைக்கு மருந்தைக் குடித்த அந்த மாதனூர்ப் பெண்.

அவள் தூணுக்கு முன்னால் வந்து நின்று படித்தாள். வாய் அசைந்தது, உதடு ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியாகக் கூடிப் பிரிந்தது. காற்று மட்டும்தான் வந்தது. ஒரு வரி விடாமல் கடைசி வரைக்கும் படித்தாள்.

"தொண்டையில் சளி" என்று மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார்.

அதில் 'கோல்டு' என்ற ஒரு வார்த்தை அவளுக்கும் புரிந்துவிட்டது. இல்லை என்று அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு வெள்ளைக்காரியின் பக்கம் திரும்பி, அறிவிப்பின் மேல் விரலை வைத்தாள். அந்த விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தாள்.