அப்பா திருப்பி அனுப்பிய இசைத்தட்டு

அப்பா இல்லாத முதல் வருடம் இன்றோடு நிறைகிறது. குழாய் சொட்டினால், “ஆர் அங்கை? அதைப் பூட்டுங்கோ” என்று அறைக்குள்ளிருந்து குரல் கொடுக்க ஆளில்லை. வீடு அநியாயத்துக்கு அமைதியாய்க் கிடக்கிறது.

பருத்தித்துறையில் பிறந்த அப்பா, இடதுசாரித் தோழர்களின் உதவியால் புலமைப்பரிசில் பெற்றுக் கிழக்கு ஜேர்மனிக்கு வந்தார். படிப்பு முடிய அரசாங்க இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அந்த நாட்டில் இசைத்தட்டு என்றால் அந்த ஒன்றுதான். சிம்பொனியும் அவர்களே, சிறுவர் கதையும் அவர்களே. மேற்கத்தேயப் பாடகரின் தட்டு வருகிறதென்று கதை கசிந்தால் விடியவே கடைவாசலில் வரிசை நிற்குமாம். எதை வெளியிடுவதென்று மேலே ஒரு குழு தீர்மானிக்கும். அப்பாவுக்கு ஆலையில் வேலை: தொகையாக அச்சடிக்கும் முன் மாதிரித் தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்பது. கரகரப்பு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிறநாட்டுப் பாடல்களைத் தொகுத்து ஒரு தட்டுப் போட முடிவானபோது, புதிதாய்க் கலியாணம் கட்டி வந்திருந்த அம்மாவை அப்பா பாட வைத்தார். அம்மா பாடியது ஒரு தாலாட்டு. குழுவுக்கும் பிடித்துவிட்டது! மாதிரித் தட்டு அப்பாவின் மேசைக்கே வந்தது. அம்மாவின் பாட்டுக்கு நடுவில் சின்னதாய் ஒரு ‘டிக்’. வேறு ஆளென்றால் கேட்டும் கேட்காததுபோல் விட்டிருப்பார். எங்கள் அப்பா திருப்பி அனுப்பினார்.

“உங்களுக்கென்ன விசரா? என்ர பாட்டையே திருப்பி விட்டிட்டியளே!” என்று அம்மா கத்தினாராம்.

“நீர் பாடினதிலை பிழையில்லை. தட்டிலைதான் பிழை. நல்லதா வரும், கொஞ்சம் பொறும்.”

வரவில்லை. அதற்குள் இரு ஜேர்மனிகளையும் பிரித்த மதில் விழுந்தது. மேற்கின் தட்டுகள் வந்து குவிய, சனங்கள் உள்ளூர்த் தட்டுகளைக் குப்பையில் போட்டார்கள். நிறுவனம் கைமாறியது, ஆலையைப் பூட்டினார்கள். அம்மாவின் பாட்டு இருந்த ஒலிநாடாவைத் தேடி அப்பா அலையாத இடமில்லை. தன் மனைவியின் குரலை நாலு பேர் கேட்கவேண்டும் என்ற ஆசையைத் தானே கெடுத்துவிட்டோமே என்ற துயரம் அவரைக் கடைசிவரை விடவில்லை. வேலை தேடி மேற்கே ஹனோவருக்கு வந்து, களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கி எங்களைப் படிக்க வைத்தார். அந்த வேலையைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. அம்மா சமைத்தபடி பாடினால் மட்டும் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்பார். சுருதி இறங்கினால் சொல்லியும் விடுவார், அகப்பையோடு அம்மா திரும்புவார்.

நோயுற்ற நாட்களில் துணைநின்ற அயலவர்களுக்கும், முகம் கோணாத தாதிமாருக்கும், கொலோனிலிருந்து வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்ட சித்திக்கும், ஊன்றுகோலோடு வந்து நின்ற ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இறுதிக் கிரியையன்று, மண்டபத்தில் என்ன இசை போடுவதென்று பொறுப்பாளர் கேட்டார். “ஒண்டும் போட வேண்டாம். நான் பாடுறன்” என்றார் அம்மா. மண்டபம் நிறைந்த சனத்தின் முன் அந்தத் தாலாட்டைத் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்தது. பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

“இஞ்சாருங்கோ, பிழை பிடிக்கிறதெண்டால் எழும்பி வந்து பிடியுங்கோ.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுவதையும் பாடி முடித்தார்.