வெளிக்கடல் பார்த்துச் சொல்லும் வேலை

மாரிகாலம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது மழையின் சத்தமல்ல, குசினி அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் தொங்கும் அப்பாவின் காற்சட்டையில் ஏறியிருந்த விறகுப்புகையின் மணம். வெயில் எட்டிப் பார்க்காத அந்த இரண்டு மூன்று மாதங்களும் எங்கள் வீட்டில் எந்தத் துணியும் வெளியில் காய்ந்ததில்லை. அப்பா அந்தப் புகை மணத்தோடுதான் மூதூருக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனார். மாலையில் அதன்மேல் கடல் உப்பும் படிந்து ஈரமாகத் திரும்பி வந்தார்.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. எங்கள் வீடு உட்துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. மலைகள் வளைத்துக் காக்கும் அந்தத் தண்ணீர் எந்த மாரியிலும் தட்டுப் போலக் கிடக்கும். ஊரின் ஒடுங்கிய இடத்தைக் குறுக்கே நடந்து மறுபக்கம் போனால் பத்தே நிமிடத்தில் வேறொரு கடல் வந்துவிடும், வாடைக்காற்றில் வெறிபிடித்துக் கரையை அறையும் வெளிக்கடல். குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சிப் படகு அமைதியான பக்கத்திலிருந்துதான் புறப்படும். ஆனால் துறைமுக வாயைத் தாண்டியதும் கொட்டியாரக்குடாவில் வெளிக்கடலின் திரை வந்து அதைத் தூக்கும். வீட்டு வாசலில் நின்று எவ்வளவு பார்த்தாலும் அந்த நாள் எப்படிப்பட்டது என்று சொல்ல ஏலாது.

அதைச் சொல்லும் வேலை என்னுடையது. எனக்கு அப்போது பதினொரு வயது. சண்டை ஓய்ந்திருந்த காலம், ஆழிப்பேரலைக்கு முந்திய வருடத்து மாரி. அப்பாவுக்கு இழுப்பு இருந்தது. விடியற்காலை வாடை முகத்தில் அடித்தால் அன்று முழுவதும் மூச்சு வாங்குவார். அதனால் ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, தொப்பி போட்டு, கையில் குடையைத் தந்து கடற்கரைக்கு அனுப்புவார். மைதானத்தில் நனைந்தபடி படுத்திருக்கும் ஊர் மான்களைக் கடந்து நான் ஓடுவேன். "கரையில உடையிற திரையைப் பாக்காத பிள்ளை, அது எப்பவும் சத்தம்தான் போடும். வெளியில, தூரத்தில வெள்ளை அடிக்குதோ எண்டு பார்" என்பது அவர் சொல்லித் தந்த பாடம். நடுக்கடலில் காற்றுக்கு உடையும் அந்த வெள்ளை நுரை தெரிந்தால் லோஞ்சியை நம்பாமல் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இப்போதுபோல் அப்போது பாலங்கள் இல்லை. கிண்ணியாவில் தொடங்கி ஒவ்வொரு ஆற்றுவாயிலும் இறங்கி, "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கடந்து, மறுகரையில் அடுத்த பஸ்ஸுக்கு நின்று, மூதூர் போய்ச் சேர நாலு மணித்தியாலமாகும். வெள்ளை இல்லையென்றால் ஏழு மணி லோஞ்சி. ஒரு மணித்தியாலத்தில் பள்ளிக்கூடம்.

டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை. அப்பாவின் வகுப்புக்குக் கணக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. "மழையெண்டு நான் நிண்டா அந்தப் பிள்ளையள் ஒரு வருசம் நிக்கவேணும்" என்பார். அம்மா சோற்றுப் பெட்டியைக் கட்டிக் கொடுப்பாள்.

ஒரு நாள் நான் கடற்கரைக்குப் போகவில்லை.

அன்று காற்றே இல்லை. மழை நூல் பிடித்ததுபோல நேராக இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்கை முடியும் இடத்தில் பூட்டிக் கிடந்த கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அங்கிருந்து உட்துறைமுகம் தெரிந்தது. ஒரு சுருக்கமும் இல்லாத தண்ணீர். காற்றில்லாமல் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று யோசித்தேன். யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன், உண்மையில் எனக்குக் குளிர்ந்தது, நித்திரை வந்தது, அவ்வளவுதான். போய்வர எடுக்கும் நேரத்தை மனதுக்குள் எண்ணி முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். "வெள்ளை இல்லை அப்பா" என்றேன். அப்பா சந்தோசமாக இன்னொரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு லோஞ்சிக்குப் போனார்.

மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா படலையில் நின்றாள். போன லோஞ்சி திரும்பி வரவில்லை என்று இறங்குதுறையில் கதை. காற்றில்லாமலே வெளியில் கடல் எழும்பிவிட்டது, எங்கோ தூரத்தில் புயல் சுழல்கிறது என்றார்கள். மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் தொலைபேசி இல்லை. அம்மா குடையோடு இறங்குதுறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். மூன்றாம் முறை நானும் போனேன். அங்கே உட்துறைமுகத் தண்ணீர் காலையில் கிடந்த மாதிரியே தட்டாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பொழுது பட, தரைவழியாக, முழுக்க நனைந்து அப்பா வந்தார். லோஞ்சி இரண்டரை மணித்தியாலம் அலைந்து மூதூரில் ஒதுங்கியதாம். பிறகு யாரும் அதைத் திருப்ப விடவில்லையாம். மூச்சு விசிலடிக்க விசிலடிக்க அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தாய் தன்ர குழந்தையை என்ர கையில தந்திட்டுச் சத்தி எடுக்கிறா. அதுவோ என்ர கண்ணாடியைப் பிடுங்கி விளையாடுது. எல்லாரும் கடவுளைக் கூப்பிடினம், அது ஒண்டுக்குத்தான் நல்ல சந்தோசம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "விடிய கடற்கரைக்குப் போய்ப் பாத்தனீ தானே பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அப்ப சரி" என்று துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அடுத்த நாளும் ஐந்து மணிக்கு என்னை எழுப்பினார். அவர் எழுப்பாமல் விட்டிருந்தால் நல்லது என்று பலநாள் நினைத்திருக்கிறேன். ஓடிப்போய் மணலில் நின்று பார்த்தேன், பார்க்கப் பார்க்கத் தூரத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தது. "வெள்ளை அடிக்குது அப்பா." அடுத்த நாளும் அதையே சொன்னேன். அடைமழை விட்டு, வானம் வெளித்து, கடல் பாய் விரித்ததுபோலக் கிடந்த நாளிலும் அதையே சொன்னேன். அப்பா குடையை எடுத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்கு நடப்பார். பாதைகளில் நனைந்து நனைந்து அவருக்கு இழுப்புக் கூடியது. கஷாயம் காய்ச்சிக்கொண்டு அம்மா, "மாரி மனுசரைத் தேடி வாறதில்ல, நாங்களெல்லோ அதுக்க போறம்" என்று முணுமுணுப்பாள். லோஞ்சியில் ரிக்கற் கிழிக்கும் அன்சார் நானா ஒருநாள் சந்தையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாஸ்டர், எங்கள மறந்திட்டீங்க? ஊருக்கெல்லாம் கடல் தட்டு மாதிரிக் கிடக்கு, உங்கட மகளுக்கு மட்டும்தான் கொந்தளிக்குது போல!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் மீன் கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தை பிறந்து பனி விழத் தொடங்கும்வரை அப்பா ஒருநாள்கூட லோஞ்சியில் போகவில்லை.

இத்தனையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. போன வாரம் சொல்ல வேண்டி வந்தது.

என் மகளுக்கு எட்டு வயது. திருகோணமலையிலேயே பாலையூற்றில் இருக்கிறோம், அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான். மகளின் வகுப்பை மூதூரில் ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கு வான் வண்டியில் கூட்டிப்போகிறார்கள், பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. இந்தத் தவணையில் மழையைச் சாட்டி நான் அவளை மறித்த நாட்கள் ஏற்கெனவே அதிகம் என்று ஆசிரியை குறிப்பு எழுதியிருந்தார். என்னையும் ஏன் பிழை சொல்ல வேண்டும்? அந்தக் காலத்தில் ஐப்பசியில் கொண்டல், கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் வாடை, தையில் பனி என்று ஓர் ஒழுங்கு இருந்தது. இப்போது ஐப்பசி முழுவதும் வெயில் எரிக்கிறது. பிறகு ஒரு மாதத்து மழை மூன்று நாளில் கொட்டுகிறது. பொங்கல் பானை வைக்க உலர்ந்த முற்றம் கிடைப்பதில்லை. கைத்தொலைபேசியில் மூன்று இடத்தில் வானிலை பார்க்கிறேன், மூன்றும் மூன்று விதம். நான் மோசமானதையே நம்புகிறேன்.

"அம்மாவின்ர போனில எப்பவும் மழைதான் பெய்யும்" என்று மகள் அழுதுகொண்டே கத்தினாள். அவள் அறைக்குள் போன பிறகு, அப்பா கதிரையில் இருந்தபடி, "ஏன் பிள்ளை, நான் மாரியெல்லாம் போய்வந்த இடம்தானே?" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "அண்டைக்கு நான் கடற்கரைக்குப் போகேல்ல அப்பா" என்றேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும். பின்னேரம் வந்து பாத்தனான், உன்ர செருப்பில ஒரு குறுணி மணல் இல்ல."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் நான் சொன்னதைக் கேட்டு பஸ்ஸில போனீங்கள்?"

"நான் லோஞ்சியில போனா நீ வகுப்பில இருந்து என்னத்தைப் படிச்சிருப்பாய்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காற்றில்லாமக் கடல் எழும்பினா வெள்ளை தெரியாது. நீ போயிருந்தாலும் இல்லையெண்டுதான் வந்து சொல்லியிருப்பாய்."

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அன்று இரவு முழுவதும் அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று புரண்டேன். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் பயத்துக்காக அப்பா ஒரு மாரி முழுவதும் நனைந்தார். என் பயத்துக்காக என் மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டும் ஒன்றல்ல. விடிந்ததும் தாளில் கையெழுத்து வைத்தேன்.

இன்று காலை அவள் போய்விட்டாள். மிதவைகள் நின்ற இடங்களில் பாலங்கள் இருக்கின்றன. வான் ஒரு மணித்தியாலத்தில் மூதூருக்குப் போய்விடும். வெளிக்கடல் பார்த்துவர இப்போது எந்த வீட்டிலும் யாரையும் எழுப்புவதில்லை. மூதூருக்கு லோஞ்சிதான் கிட்டிய வழியென்று இருந்த ஊர் அதை மறந்தே போனது. வான் தெருமுனையில் திரும்பி மறைந்த சற்று நேரத்தில் தூறல் தொடங்கியது, இப்போது கூரையில் சத்தம் கேட்கிறது. சாரதிக்கு அழைக்காமல் இருப்பதற்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஒண்டுக்கும் யோசியாத, மழையெண்டா நனையும், வேறென்ன" என்று சொல்லிவிட்டு அப்பா வாசல் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுப் பத்திரிகை படிக்கிறார். அரை மணித்தியாலமாக அவர் அதில் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.