ஃபைண்டர் மூடி

1. கடையில் வாங்கியது

டெலஸ்கோப்பில் சூரியனைக் காட்டும்போது கவனிக்க வேண்டியதைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார் எங்கள் வானியல் கிளப்பின் செயலாளர் மோகன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கவாம். நாலு வரியில் அடங்காது. எனக்கு நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் முப்பது வருடம் பவர்லூம் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப் வேலை, திருப்பதிக்குப் பஸ் ஏறிவிடுவேன். என்னுடையது எட்டு இஞ்ச் டெலஸ்கோப். அதன் கண்ணாடியை ஏழு மாதம் கையால் தேய்த்து உருவாக்கினேன். பீடத்துக்குப் போட்ட போல்ட்டுகூடப் பழைய தறியில் கழற்றியதுதான். சித்தூரோ காளஹஸ்தியோ, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் நீளமான வரிசை எனக்குத்தான் நிற்கும்.

அப்புறம் லாவண்யா வந்தாள். காளஹஸ்தியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி விற்றுப் பழகிய வாய். கையோடு கடையில் வாங்கிய சின்ன கம்ப்யூட்டர் டெலஸ்கோப். பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடி, சூரியன் போகும் பக்கமே அதுவும் திரும்பும். என்னுடையதைக் கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டால் சூரியன் பார்வையை விட்டு நகர்ந்துவிடும்.

"இது கடையில வாங்கினதுதானே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஆமாண்ணா. உங்களாட்டம் தேய்க்கல்லாம் எனுக்குத் தெரியாது" என்றாள்.

அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

2. நகரியில் இரண்டு வரிசை

ஒரு ஞாயிறு எங்கள் நகரியிலேயே, பள்ளிக்கூட மைதானத்தில் சூரியப் புள்ளிகளைக் காட்டும் நிகழ்ச்சி. காலை பத்து மணி. மூட்டையை இறக்கும்போதே மோகன் சொல்லிவிட்டார்:

"அடுத்த கிரகணத்துக்குத் திருப்பதியில பெரிய கூட்டம் வரும். முன்னாடி நின்னு நடத்த ஒருத்தர் வேணும். இன்னிக்கு யார் நல்லா பண்றீங்களோ, அவங்கதான்."

அது எனக்குத்தான் வர வேண்டும் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு? ஊர் என்னுடையது. தறிக்காரர்கள் எல்லாரும் என் ஆட்கள்.

அரை மணி நேரத்தில் என் ஆட்கள் அவள் வரிசையில் நின்றார்கள். "சூடண்டி அக்கா, அந்தக் கறுப்புப் புள்ளி கீது பாரு, நம்ம பூமியையே அதுக்குள்ள போட்டு மூடிடலாம்" என்று தெலுங்கும் தமிழுமாக அளந்துகொண்டிருந்தாள். நான் கண்ணாடியின் ஃபோகல் லெங்த் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்க நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நான் பல வருடமாகத் தறி பார்த்துக்கொடுக்கும் முதலாளி.

"இன்னா தேவராஜு, கண்ணு வெக்கறதுக்குள்ள சூரியன் ஓடிப்பூடுது? ஊர்த் தறிக்கெல்லாம் மோட்டார் மாட்டறே, இதுக்கு ஒண்ணு மாட்டக்கூடாதா?"

சொல்லிவிட்டு அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் அவள் வரிசையில் என் மனைவி சரளா நிற்கிறாள். அந்த வரிசையை எண்ணினேன். இருபத்து மூன்று பேர்.

3. பாக்கெட்டில் இருந்தது

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூரியனைக் காட்டும்போது பெரிய குழாயின் வாயில் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் மாட்டுவோம். பெரிய குழாயின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் குழாய்தான் ஃபைண்டர். நட்சத்திரத்தைத் தேடிக் குறி வைக்க உதவுவது. அதற்கு ஃபில்டர் கிடையாது. அதனால் பகலில் அதன் மூடியைக் கழற்றவே கூடாது. கழற்றினால் சூரியன் முழுசாக உள்ளே இறங்கும். அதில் கண் வைத்தால் கண் போய்விடும். இந்த விதியை அட்டையில் எழுதிக் கிளப் சுவரில் மாட்டியவனே நான்தான்.

கொஞ்ச நேரத்தில் சரளா வந்தாள். கூடவே லாவண்யாவும்.

"இன்னாங்க, 'அண்ணாதுல பெரிசா தெரியும், வாங்க'ன்னு இவங்களே இட்டுக்கினு வந்தாங்க" என்றாள் சரளா.

என் பெண்டாட்டியை என் டெலஸ்கோப்புக்குக் கூட்டி வர இவள் யார்? "பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடியும் அந்த வரிசையைத்தான் எண்ணினேன்.

சரளா குனிந்தாள். அவள் உயரத்துக்கு வாகாக இருந்தது ஃபைண்டர்தான். சட்டென்று லாவண்யாவின் கை நீண்டு ஃபைண்டரின் முன்பக்கத்தைப் பொத்தியது.

"அதில்லக்கா, இதுல பாருங்க" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சட்டைப் பாக்கெட்டைத் தொட்டேன். மூடி அதில் இருந்தது.

காலையில் அவள் டெலஸ்கோப்பைப் பிரிப்பதை முறைத்துக்கொண்டே என்னுடையதைப் பூட்டியிருக்கிறேன். ராத்திரிப் பழக்கத்தில் கை தானாக இரண்டு மூடியையும் கழற்றிவிட்டது. மூடியை எடுத்துக் கொடுத்தேன். மாட்டினாள். "புள்ளி நல்லா தெரியுதுங்க" என்றாள் சரளா. நான் ஃபைண்டர் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது ஃபைண்டருக்குள்ளே குறி பார்க்கும் கம்பி கருகிக் கிடந்தது.

4. வேன் கிளம்பும் முன்

சாமான்களை ஏற்றியதும் மோகன் கேட்டார்: "எதனா பிரச்சினை நடந்துச்சா?"

நான் லாவண்யாவின் வாயையே பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், அன்றோடு என்னை யாரும் சூரியன் பக்கம் விடமாட்டார்கள்.

"ஒண்ணுமில்ல சார். ஜனங்க பாக்கறதுக்கு முந்தி ஒருத்தர் டெலஸ்கோப்ப இன்னொருத்தர் செக் பண்ணணும்னு வெச்சிக்கலாம். என்னுத அண்ணா பாக்கட்டும்" என்றாள்.

கிரகண நிகழ்ச்சியை நடத்தும் வேலை அவளுக்குப் போயிற்று. கிரகணத்தன்று நான் அவளுடைய ஃபைண்டரைச் சோதிக்கப் போனபோது, மூடி திறந்து கிடக்காதா என்று ஒரு கணம் மனசு ஆசைப்பட்டது. வெட்கமாக இருந்தாலும் அது உண்மை. மூடி ஒழுங்காக மூடியிருந்தது.

நகரியில் அன்று தப்பு அவளுடையதாக இருந்து நான் பார்த்திருந்தால், நானும் கையால் பொத்தியிருப்பேன். ஆனால் வேன் கிளம்புவதற்குள் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். அவள் இன்றுவரை சரளாவிடம்கூடச் சொல்லவில்லை. சரளாவே இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். டெலஸ்கோப் கடையில் வாங்கியது, சரி. அந்தக் குணத்தை எங்கே வாங்கினாள் என்று தெரியவில்லை. இப்போது என் பொறாமையெல்லாம் அதன் மேல்தான்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பகலில் ஃபைண்டர் மூடியைக் கழற்றாதீர்கள். பக்கத்து வரிசையை எண்ணாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் இன்னும் எண்ணுகிறேன். முதலில் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணுகிறேன்.